காப்புரிமை அலுவலகத்துக்கு வரும் ஃபேக்ஸ்களைத் தானியங்கியாகக் கையாள ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) மட்டும் போதுமா? பழைய இயந்திரங்களை என்ன செய்வது?

போதாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கேள்வியைப் படித்தால், ஏதோ ஒப்பந்த நிறுவனம் உங்களை அந்த அலுவலகத்தில் இறக்கிவிட்டு "ஆறு வாரத்தில் முடித்துவிடு" என்று சொல்லிவிட்டுப் போனது போலத் தெரிகிறது. சுவரோரம் நாலைந்து ஃபேக்ஸ் இயந்திரங்கள், ஒரு தேதி முத்திரை, தடித்த வரவுப் பதிவேடு ஒன்று. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். என்னை அப்படித்தான் இறக்கிவிட்டார்கள்.

"இந்தக் காலத்தில் ஃபேக்ஸா?" என்று கீழே எழுதத் துடிப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமே 2024 ஜூலையில்தான் ஃபேக்ஸில் ஆவணம் வாங்குவதை நிறுத்தியது. அமெரிக்க அலுவலகத்தின் விதிகள் புதிய விண்ணப்பத்தை ஃபேக்ஸில் ஏற்பதில்லை, ஆனால் நடப்பில் உள்ள விண்ணப்பத்துக்கான பதில்களை ஏற்கின்றன. ஃபேக்ஸுக்கு அலெக்சாண்டர் பெயின் காப்புரிமை வாங்கியது 1843இல், பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்கு 33 ஆண்டுகள் முன்பு. அது அவ்வளவு லேசில் போகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் போலவே நானும் படிப்பதுதான் பிரச்சினை என்று நினைத்தேன். படத்திலிருந்து விண்ணப்ப எண்ணை எடு, கோப்பைக் கண்டுபிடி, விண்ணப்பத்தை ஆராயும் பரிசோதகரின் திரைக்கு அனுப்பு. இதற்காக ஓசிஆரோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். ஃபேக்ஸ் படம் வெறும் கறுப்பு வெள்ளை, சாம்பல் நிறம் என்ற பேச்சே கிடையாது. சாதாரணத் தரத்தில் குறுக்கே அங்குலத்துக்கு 204 புள்ளி, நெடுக்கே 98தான். 3க்கும் 8க்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் அந்த 98க்குள் காணாமல் போய்விடும். அனுப்புபவர் 'ஃபைன்' பொத்தானை அழுத்தினால் 196 கிடைக்கும், யாரும் அழுத்துவதில்லை. முகப்புத் தாளில் பார்கோடு போடச் சொன்னோம். அதுவும் சாதாரணத் தரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் வந்தது. கோடுகளைத் தடிமனாக்கிப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்த பிறகுதான் படித்தது.

இதெல்லாம் தீர்க்கக்கூடிய தொல்லைகள். எண்ணை மட்டும் நம்பாமல் விண்ணப்பதாரர் பெயரையும் அவருடைய காப்புரிமை முகவரின் குறிப்பு எண்ணையும் தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றில் இரண்டு பொருந்தினால் இயந்திரம் கோப்பைப் பரிந்துரைக்கலாம், ஒன்றுதான் பொருந்துகிறது என்றால் மனிதர் பார்க்கட்டும். அவ்வளவுதான் ஓசிஆர்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

முன்னோட்டம் காட்டிய அன்று அறை நிறைய அதிகாரிகள். கடைசி வரிசையில் வரவுப் பிரிவின் மூத்த எழுத்தர் மேடம், மடியில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் 'நல்லா இருக்கு' சொல்லி முடித்ததும் அவர் ஒன்று கேட்டார்: "பாதி வந்து நின்னுபோற ஃபேக்ஸ் எங்கே போகும், தம்பி?"

நான் சிரித்துக்கொண்டே, "அது தோல்வி மேடம், அவங்களே திரும்ப அனுப்புவாங்க" என்றேன். அவர் பதிவேட்டை மூடிவிட்டு மேலே எதுவும் பேசவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தானியங்கியை ஓடவிட்ட இரண்டாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு. பரிசோதனை அறிக்கைக்குப் பதில் அளிக்க ஒருவருக்குக் கடைசி நாள். 38 பக்கம், பாதிக்கு மேல் வரைபடங்கள். ஃபேக்ஸின் சுருக்கமுறை வெள்ளை இடத்தைத்தான் நன்றாகச் சுருக்கும், கோடும் நிழலும் நிறைந்த வரைபடம் என்றால் ஊர்ந்து வரும். 11:20க்குத் தொடங்கி, 29ஆம் பக்கத்தில் லைன் அறுந்தது. அவர் பதறி மீண்டும் 11:58க்குத் தொடங்கினார். முழுதும் வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டி அரைமணிக்கு மேல் ஆகிவிட்டது.

என் நிரல் என்ன செய்தது? முதல் முயற்சியைத் 'தோல்வி' என்று தனி அடைவில் போட்டது. இரண்டாவதற்கு, கோப்பு சேமிக்கப்பட்ட நேரத்தைப் பெறுநேரமாகப் போட்டது. அதாவது வெள்ளிக்கிழமை. கெடு தாண்டியது என்று சிவப்புக் கொடியும் காட்டியது. அதைவிட மோசம், 'தோல்வி' அடைவை ஒவ்வொரு ஞாயிறும் காலி செய்ய நானே ஒரு வேலையை வைத்திருந்தேன். வட்டில் இடம் மிச்சமாகுமாம்.

கண்டுபிடித்தது என் கண்காணிப்புத் திரை இல்லை, மேடம்தான். தானியங்கி வந்த பிறகும் அவர் தினமும் காலையில் தொலைபேசி இணைப்பின் அழைப்புப் பட்டியலை வாங்கிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, பழக்கம். வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் வந்து, "ஒரே நம்பர்ல இருந்து ரெண்டு கால் வந்திருக்கு, இங்கே ஒரு ஃபேக்ஸ்தான் இருக்கு" என்றார். சனிக்கிழமை வந்து அடைவிலிருந்து அந்த 29 பக்கத்தை எடுத்தோம். இன்னொரு நாள் போயிருந்தால் அது இருந்ததற்கான அடையாளமே இருந்திருக்காது.

அந்த விண்ணப்பம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள், அது கோப்பு விவகாரம். நான் வக்கீலும் இல்லை. ஆனால் பன்னாட்டு விண்ணப்பங்களுக்கான பிசிடி (காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை) ஒழுங்குவிதி 92.4ஐப் படித்துப் பாருங்கள். வந்ததில் ஒரு பகுதி படிக்க முடியாவிட்டாலோ வந்து சேராவிட்டாலோ, அந்த அளவுக்குத்தான் வரவில்லை என்று கருத வேண்டும், அனுப்பியவருக்கு உடனே தெரிவிக்கவும் வேண்டும். அப்படியானால் வந்த பகுதி வந்ததுதானே? என் நிரலோ வந்ததையும் சேர்த்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது. பாரிஸ் உடன்படிக்கையின்படி முன்னுரிமை கோர, அதாவது ஒரு நாட்டில் முதலில் விண்ணப்பித்த தேதியை இன்னொரு நாட்டிலும் கோர, 12 மாதம். அந்தக் கடைசி நாள் இரவு வருகிற காகிதத்துக்கு ஒரு நிமிடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே முதல் வேலையாக, வருகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் தொடக்க நேரம், முடிந்த நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள். எந்த நேரம் செல்லும் என்பதைச் சட்டப் பிரிவு தீர்மானிக்கட்டும், நிரல் தீர்மானிக்கக் கூடாது. பாதி வந்ததும் முழுதாக வந்ததும் ஒரே வரிசையில் நிற்கட்டும். வந்தபடியே சேமித்த மூலப் படக்கோப்பை (டிஃப்) தொடாதீர்கள். நேராக்குவது, புள்ளி நீக்குவது எல்லாம் நகலில் செய்யுங்கள். பக்கத்தின் மேல் ஓரத்தில் அச்சாகி வரும் தேதியை நம்பாதீர்கள். அது அனுப்புபவரின் இயந்திரக் கடிகாரம், யாரோ எப்போதோ வைத்தது. அதிலுள்ள தொலைபேசி எண்ணும் அப்படியே.

இன்னொன்று. ஃபேக்ஸ் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறையில் மொத்தம் எத்தனை பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி கிடையாது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் 'இன்னும் இருக்கிறது' அல்லது 'முடிந்தது', அவ்வளவுதான். அனுப்புபவரின் இயந்திரம் இரண்டு தாளைச் சேர்த்து இழுத்துவிட்டால் நெறிமுறைக்குத் தெரியாது. ஒரே பக்கமாக, வெற்றி என்றே பதிவாகும். முகப்புத் தாளில் கையால் எழுதும் '38 பக்கம்' ஒன்றுதான் சாட்சி. அதைப் படித்து ஒப்பிடுங்கள். வெற்றுப் பக்கங்களைத் தானாக நீக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். வெற்றுப் பக்கம் என்பது பெரும்பாலும் யாரோ தாளைத் திருப்பி வைத்ததுதான். நீக்கிவிட்டால் தொலைந்தது என்பதே தெரியாது.

தானாக ஒப்புகை அனுப்புவது நல்ல யோசனை, நானும் செய்தேன். முதல் பக்கத்தின் படத்தோடு, வந்த எண்ணுக்கே திருப்பி அனுப்பினேன். மேலே சொன்னேனே, அந்த எண் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும், அதுவரை ரகசியம். அந்த ரகசியத்தின் முதல் பக்கத்தை யாரோ ஒருவருக்கு அனுப்பி வைப்பதா? நல்லவேளை, சோதனையிலேயே பிடிபட்டது. பதிவில் உள்ள முகவரின் எண்ணுக்கு மட்டும், படம் இல்லாமல் அனுப்புவதாக மாற்றினோம். அப்புறம் ஒரு நாள், ஒரு முகவர் அலுவலகமும் தானியங்கி ஒப்புகை வைத்திருந்தது. எங்கள் ஒப்புகைக்கு அவர்கள் ஒப்புகை, அதற்கு எங்கள் ஒப்புகை. இரண்டு இயந்திரங்களும் விடியும்வரை மரியாதை பரிமாறிக்கொண்டன. ஒரு எண்ணுக்கு ஒரு மணிநேரத்தில் ஒன்றுதான் என்று உச்சவரம்பு வையுங்கள்.

இணைப்பைப் பற்றியும் கேளுங்கள். அலுவலகத் தொலைபேசியை இணைய வழிக்கு மாற்றப் போகிறார்கள் என்றால், டி.38 (இணைய வழியில் ஃபேக்ஸைக் கடத்தும் நெறிமுறை) ஆதரவு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பேச்சில் ஒரு நொடித் துண்டு விழுந்தால் காது சமாளிக்கும், ஃபேக்ஸ் சமாளிக்காது. எங்கள் லைன் அறுந்ததும் அந்த மாற்றம் நடந்த மாதத்தில்தான். 'நிரல்தான் காரணம்' என்று என் தலையில் கட்டப் பார்த்தார்கள். ஞாயிறு அழிப்பு என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். லைன் அறுந்தது என் தவறு இல்லை.

சொல்ல வந்ததோடு சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே இருந்த மூன்று வருடமும் ஒவ்வொரு நாளும் நான் பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனேன். 'சந்திக்க வந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரையே எழுதினேன், யாரும் கவனிக்கவில்லை. ஒப்பந்த ஆள் என்றால் அடையாள அட்டை கிடையாதாம். நள்ளிரவில் சர்வரைத் தூக்கி நிறுத்த மட்டும் அட்டை தேவைப்படவில்லை.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இது எந்த வகை ஆவணம், எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பிரிக்க அது என் பழைய விதிகளைவிட நன்றாகவே செய்யும். வராத 30ஆம் பக்கத்தை அதுவும் படிக்காது.

பழைய இயந்திரங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்றை மட்டும் விட்டு வையுங்கள், சர்வர் விழும் நாளில் ஃபேக்ஸ் எண்ணை அதற்குத் திருப்பிவிடலாம். காகிதமும் டோனரும் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க ஓர் ஆளைச் சொல்லி வையுங்கள். எங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. காகிதம் இருந்தது, டோனரும் இருந்தது. ப்ளக்கை யாரோ பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் செல்போன் சார்ஜரைச் செருகியிருந்தார்கள்.