நாலு டீம், ஒரே மண்டை: மாக் டிராஃப்ட் கேள்வி பதில்

இந்த வாட்டி நம்ம பக்கம் பூரா மாக் டிராஃப்ட்தான், வடசென்னைல இருந்து அவ்ளோ கேள்வி வந்து குவிஞ்சிருக்கு. தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்ல 32 டீம், வருஷா வருஷம் ஏப்ரல் கடைசில காலேஜ் ஆட்டக்காரங்களை ஏழு ரவுண்டா வரிசைல நின்னு எடுத்துக்குவாங்க. போன சீசன்ல ரொம்ப மோசமா ஆடுனவன் முதல்ல எடுப்பான், சூப்பர் பவுல்ங்கற ஃபைனலை ஜெயிச்சவன் 32-வதா எடுப்பான், நடுவுல டீமுங்க பிக்குன்னு சொல்ற அந்த வரிசை நம்பரையே டிரேட் பண்ணி மாத்திக்கும். ஏலம் கிடையாது, துட்டைக் காட்டி எவனும் முந்த முடியாது. அந்த நாளுக்கு முன்னாடியே நாமளே மேனேஜரா உக்காந்து ஆடிப் பாக்கறதுதான் மாக் டிராஃப்ட்.

கேள்வி: அண்ணா, நாங்க எட்டு பேர், சின்ன வயசுலருந்து கிரவுண்டே கதின்னு நம்ம ஊரு ஃபுட்பால் ஆடுன பசங்க, இப்போ என்.எஃப்.எல் பைத்தியம் புடிச்சு ஆட்டுது. வாட்ஸ்அப்லயே மாக் டிராஃப்ட் வெச்சு 32 டீமையும் ஆளுக்கு நாலா பிரிச்சுக்கிட்டோம். சீட்டு குலுக்கினதுல எனக்கு 8, 9, 24, 25-ல எடுக்கற டீமுங்க வந்துச்சு. நாலையும் ஒரே ஆளா எப்படி மேனேஜ் பண்றது? மண்ட காயுது.
- காலேஜ் ஸ்டூடன்ட், வியாசர்பாடி

பதில்: தம்பி, பிரிச்ச விதம் நியாயமாத்தான் இருக்கு. மொத சீட்டு எடுத்தவனுக்கு 1, 16, 17, 32 வந்திருக்கும், கூட்டுனா 66, உன்னுதையும் கூட்டிப் பாரு அதே 66. ஆனா உன் டீமுங்க ஜோடி ஜோடியா பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு பாரு, அங்கதான் சிக்கல். 8-ல இருக்கறவனுக்கும், பந்து எறியற குவார்ட்டர்பேக்கைக் காப்பாத்தற லெஃப்ட் டேக்கிள் வேணும், 9-ல இருக்கறவனுக்கும் அதே ஆளுதான் வேணும்னா என்ன பண்ணுவ? முக்காவாசி பேரு இங்கதான் சொதப்புவாங்க, மனசுக்குப் புடிச்ச டீம் 9-ல இருந்தா 8-க்கு பந்தைப் புடிக்கற ஏதோ ஒரு ரிசீவரை எடுத்துக் குடுத்துட்டு நல்ல ஆளை அடுத்ததுக்கு நைசா தள்ளி விட்டுடுவாங்க. க்ரூப்ல எல்லாரும் அதைக் கவனிப்பான், அப்புறம் உன்கூட எவனும் நம்பி டிரேட் பேச மாட்டான். 8-க்கு க்ளாக், அதாவது ஆளை எடுக்கறதுக்கான டைம், ஓடுதுன்னா 9-ன்னு ஒரு டீமே உலகத்துல இல்லைன்னு நெனச்சுக்கோ, அவ்ளோதான்.

இதுக்கு ஒரு நோட்டு போடு, டீமுக்கு ஒரு பக்கம். ரோஸ்டர்ல, அதாவது டீம் லிஸ்டுல, 53 பேர் இருப்பாங்க, எல்லாரையும் எழுதாத, ஆரம்பத்துல இறங்கற 22 பேரை மட்டும் எழுது. அதுல 30 வயசு தாண்டினவன் பேருக்குக் கீழ ஒரு கோடு, இந்த சீசனோட கான்ட்ராக்ட் முடியறவன் பேருக்குக் கீழ ரெண்டு கோடு. எவன் பேருக்குக் கீழ மூணு கோடு விழுதோ அந்த எடம்தான் அந்த டீமோட ஓட்டை, புரியுதா. பேப்பர்லயே எழுது, போன்ல வேணாம், ஏன்னா வாட்ஸ்அப்ல இருந்து வெளிய போய் அதைத் தேடித் திறந்து திரும்பி வர்றதுக்குள்ள நாலு பேர் ஸ்டிக்கர் போட்டுக் கலாய்ச்சு உன் கவனத்தையே மாத்திடுவானுங்க.

அஞ்சாவது பக்கம் நாலு டீமுக்கும் பொதுவானது, அதுல ஆட்டக்காரங்களை ஒண்ணு ரெண்டுன்னு வரிசைப்படுத்தாம செட்டு செட்டா பிரிச்சு வை. மொத செட்டுல ஆறு பேர், அடுத்த செட்டுல பத்து பேர், இப்படி, ஒரே செட்டுக்குள்ள இருக்கறவங்கள்ல எவன் கெடைச்சாலும் உனக்கு ஓகே. 8-ம் நம்பர் வரும்போது ரெண்டாவது செட்டுல அஞ்சு பேர் இன்னும் மிச்சம் இருந்தா அப்போ எடுக்காத, டிரேட் போட்டு நாலு இடம் கீழ இறங்கு, 12-க்குப் போனாலும் அந்த அஞ்சுல ஒருத்தன் கண்டிப்பா இருப்பான், கூடவே ஒரு எக்ஸ்ட்ரா பிக்கும் கைக்கு வந்துடும். செட்டுல கடைசி ஆள் ஒருத்தன்தான் மிச்சம்னா மட்டும் பேச்சே இல்லாம தூக்கிடு.

24, 25-க்கு வேற கணக்கு. உன் 9-க்கும் 24-க்கும் நடுவுல 14 பிக் இருக்கு, எண்ணிப் பாத்தா உன் ஃப்ரெண்ட்ஸ் ஏழு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு. அதனால இங்க டீமைப் படிக்கறதை விட உன் ஃப்ரெண்டைப் படிக்கறதுதான் வேலை. எவன் எப்பவும் ரிசீவர் மேலயே கண்ணா இருக்கான், எவன் யூட்யூப்ல ஹைலைட்ஸ் பாத்துட்டு வந்து எடுக்கறான், இதெல்லாம் உனக்குத் தெரியாமயா இருக்கும்? அப்படியும் எவனாவது பெரிய ஆள் வழுக்கிக்கிட்டு கீழ வந்தா ஓட்டை இருக்கா இல்லையான்னு பாக்காத, எடு. 2005-ல ஆரோன் ராட்ஜர்ஸ் இதே 24-ம் நம்பர் வரைக்கும் வந்து நின்னாரு, க்ரீன் பே பேக்கர்ஸ் கிட்ட அப்போ ப்ரெட் ஃபார்வ் குவார்ட்டர்பேக்கா இருந்தாரு, இருந்தும் எடுத்தாங்க. மூணு வருஷம் பெஞ்சுல உக்கார வெச்சாங்க, 2010 சீசனுக்கு சூப்பர் பவுல் வந்துச்சு.

கேள்வி: எங்க க்ரூப்ல ஒருத்தன் தன்னோட ரெண்டு டீமுக்குள்ளயே டிரேட் போட்டுக்கறான், கேட்டா ரெண்டும் என் டீம்தானேங்கறான். இப்போ என்கிட்ட வந்து 12-ஐ வெச்சுக்கோ 8-ஐ குடுன்னு நிக்கறான். எவ்ளோ கேக்கலாம் சார்?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: மொத மேட்டருக்கு ஒரே வார்த்தை, கூடாது. ஒரே ஆளோட டீமுங்களுக்குள்ள டிரேட் கெடையாதுன்னு ரூல் போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும், இல்லைன்னா மூணு டீமைக் காலி பண்ணி ஒரு டீமை ரொப்பிட்டு கெத்தா சுத்துவான்.

எவ்ளோ கேக்கலாம்ங்கறதுக்கு ஒரு சார்ட் இருக்கு, 90-கள் தொடக்கத்துல டல்லாஸ் கவ்பாய்ஸ்ல ஜிம்மி ஜான்சன் கோச்சா இருந்தப்போ வந்தது, இன்னிக்கும் அவர் பேர்லதான் ஓடுது. 1-ம் பிக்குக்கு 3000 பாயின்ட், 2-க்கு 2600, 8-க்கு 1400, 12-க்கு 1200, 16-க்கு 1000, 32-க்கு 590. உங்க 8-க்கும் அவன் 12-க்கும் வித்தியாசம் 200, அது மூணாவது ரவுண்டுல 78-ம் பிக்குக்கு சமம். அதுக்குக் கம்மியா குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க. ஆனா அவன் ஏன் மேல வரத் துடிக்கறான்னு பாத்தீங்கன்னா சார்ட்டை விட ஜாஸ்தியாவே கறக்கலாம். 2021-ல ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 12-ல இருந்தாங்க, டெவான்டா ஸ்மித்ங்கற ரிசீவர் வேணும், நடுவுல 11-ல ஜயன்ட்ஸ் உக்காந்திருக்காங்க, அவங்க முந்திடுவாங்களோன்னு பயம். அதனால ஜென்ம விரோதி கவ்பாய்ஸ் கிட்டயே போய் 10-ஐ வாங்கினாங்க, 12-ம் கூட 84-ம் குடுத்து. சார்ட்படி 10-க்கும் 12-க்கும் வித்தியாசம் 100தான், 84-க்கு 170. அந்த 70 பாயின்ட் அவசரத்துக்கு விலை. கவ்பாய்ஸ் ரெண்டு இடம் கீழ இறங்கி 12-ல மைக்கா பார்சன்ஸை எடுத்தாங்க, அந்த சீசன்லயே டிஃபன்ஸ்ல சிறந்த புதுமுகம் அவருதான். சார்ட் பழசு, மொத அஞ்சு பிக்குக்கு அநியாய விலை போடுதுன்னு நானே சொல்வேன், ஆனா எட்டு பேரும் ஒரே சார்ட்டைக் கையில வெச்சிருந்தா சண்டை பாதியாக் குறையும்.

கேள்வி: எனக்கு ஹாஸ்பிட்டல்ல ஷிஃப்ட் டியூட்டி, என் பிக் வரும்போது போனே பாக்க முடியல. டைம் முடிஞ்சுதுன்னு அடுத்தவன் தாண்டிப் போயிட்டான், நியாயமா இது?
- நர்ஸ், ராயபுரம்

பதில்: நியாயம்தான்மா, கோச்சுக்காதீங்க. நிஜத்துலயே இது நடந்திருக்கு. 2003-ல மினசோட்டா வைக்கிங்ஸ் 7-ம் பிக்குல டிரேட் பேசிக்கிட்டே இருந்து க்ளாக்கைக் கோட்டை விட்டாங்க, அடுத்தடுத்து ஜாக்வார்ஸும் பேந்தர்ஸும் முந்திக்கிட்டு ஆளை எடுத்துட்டாங்க, வைக்கிங்ஸ் பேர் 9-வதாத்தான் வந்துச்சு. நல்ல வேளை அவங்க நெனச்ச கெவின் வில்லியம்ஸ் அப்பவும் இருந்தாரு. நிஜ டிராஃப்ட்ல 2025 வரைக்கும் ஃபர்ஸ்ட் ரவுண்டுக்கு 10 நிமிஷம், செகண்டுக்கு 7, மூணுல இருந்து ஆறு வரைக்கும் 5, ஏழாவதுக்கு 4. வேலைக்குப் போறவங்க க்ரூப்ல அதெல்லாம் ஒத்து வராது, பிக்குக்கு ரெண்டு மணி நேரம், ராத்திரி 11-ல இருந்து காலைல 7 வரைக்கும் க்ளாக் நிக்கும்னு வெச்சுக்கோங்க. டியூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி டீமுக்கு மூணு பேர் எழுதி, எதிரி இல்லாத ஒருத்தர் கிட்ட குடுத்துட்டுப் போங்க, மூணுல எவன் மிச்சம் இருக்கானோ அவனைப் போட்டுடச் சொல்லி.

கேள்வி: என் நாலு டீமுல ரெண்டுக்கு உருப்படியான குவார்ட்டர்பேக் இல்ல. எல்லாத்தையும் வித்தாவது மேல போய் ஒருத்தனைத் தூக்கிடலாமா ப்ரோ?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பொறு ப்ரோ. குவார்ட்டர்பேக் ரெண்டு பேர் போயிட்டாலே க்ரூப் பூரா பதறும், காசிமேட்டு ஏலத்துல மொத கூடை வஞ்சிரம் எகிறிடுச்சுன்னா அடுத்த கூடைக்குக் கண்ணை மூடிக்கிட்டு கூவற மாதிரி. அந்த நேரத்துல நீ செய்ய வேண்டியது வாங்கறது இல்ல, உன் மத்த ரெண்டு டீமோட பிக்கை பதறுறவன் கிட்ட விக்கறது. சான் ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸ் கதை தெரியுமா? 2021-ல 12-ல இருந்து 3-க்குத் தாவினாங்க, அதுக்கு அந்த 12 போக (மேல சொன்ன ஈகிள்ஸுக்கு மயாமி வழியா போனது அதுதான்) 2022, 2023 ரெண்டு வருஷத்து ஃபர்ஸ்ட் ரவுண்டையும் ஒரு மூணாவது ரவுண்டையும் மயாமி டீமுக்குக் குடுத்து ட்ரே லான்ஸ்ங்கற குவார்ட்டர்பேக்கை எடுத்தாங்க. ரெண்டு சீசன்ல மொத்தம் எட்டு மேட்ச், அப்புறம் நாலாவது ரவுண்டு பிக் ஒண்ணுக்கு டல்லாஸுக்குத் தள்ளி விட்டாச்சு. அதே டீம் 2022-ல டிராஃப்டோட கட்டக் கடைசி பிக்கா, 262-வதா, ப்ராக் பர்டின்னு ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்தாங்க, அவர்தான் 2023 சீசன்ல சூப்பர் பவுல் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனாரு. கடைசி ரவுண்டுல எடுத்தா எல்லாரும் பர்டி ஆயிடுவான்னு சொல்ல வரல, நூத்துல ஒண்ணு கூட அப்படி வராது. ஆனா அடுத்த ரெண்டு வருஷத்தை அடகு வெச்சு வாங்கற ஆள் மேல உனக்கே டவுட் இருந்தா கைய வெக்காத. ரெண்டு டீமுல ஒண்ணுக்கு மட்டும் எடு, இன்னொண்ணுக்கு குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி நின்னு காப்பாத்தற லைனை பலப்படுத்து, நல்ல லைன் இல்லாத டீமுல எந்தப் பையனைப் போட்டாலும் அடி வாங்கியே செத்துடுவான்.

அப்புறம் யாராவது பந்தை உதைக்கறதுக்குன்னே இருக்கற கிக்கரை ரெண்டாவது ரவுண்டுல எடுக்கலாமான்னு கேட்டா சிரிச்சுட்டு விட்டுடு. 2016-ல டாம்பா பே பக்கனியர்ஸ் 59-ம் பிக்குல அதையும் செஞ்சு பாத்தாங்க, ராபர்ட்டோ அகுவாயோ, ஒரு சீசன்தான், அடுத்த சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள வெளிய அனுப்பிட்டாங்க.

கேள்வி: பையன் ராத்திரி எல்லாம் போனும் கையுமா டிராஃப்ட் டிராஃப்ட்னு இருக்கான். இது சூதாட்டம் கீதாட்டமா?
- ஒரு அம்மா, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: காசு வெக்கலைன்னா இல்லம்மா, பசங்க உக்காந்து கணக்குப் போடறாங்க, அவ்ளோதான். காசு வெச்சு ஆடற ஆன்லைன் கேமுக்கு 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு தடைச் சட்டமே கொண்டு வந்தாச்சு, அதனால ஆப்ல பணம் கட்டறானான்னு மட்டும் கேட்டுடுங்க. ஒரு விஷயம், நிஜ டிராஃப்ட் அமெரிக்கால வியாழக்கிழமை ராத்திரி 8 மணிக்கு ஆரம்பிச்சா நமக்கு வெள்ளிக்கிழமை விடிகாலை 5.30, அன்னிக்கு ஒரு நாள் பையன் தானா எழுந்துப்பான்.

கேள்வி: எல்லாம் முடிஞ்சப்புறம் யார் ஜெயிச்சாங்கன்னு எப்படி முடிவு பண்றது? போன வாட்டி அதுலயே ரெண்டு பேருக்குப் பேச்சு வார்த்தை இல்லாம போச்சு.
- ஒரு வாசகர், புளியந்தோப்பு

பதில்: மொத பிக்குக்கு முன்னாடியே மார்க் எப்படின்னு எழுதி க்ரூப்ல பின் பண்ணிடுங்க. என் கணக்கு இது: நீ எடுத்த ஆள் நிஜத்துலயும் அதே ரவுண்டுல போனா ஒரு மார்க், அதே டீமுக்கே போனா மூணு மார்க். கரெக்டான நம்பருக்கு மார்க்கே வேணாம், அது சுத்தமா லக்கு. 2025-ல ஜாக்வார்ஸ் டிராஃப்ட் அன்னிக்குத்தான் 5-ல இருந்து 2-க்குத் தாவி டிராவிஸ் ஹன்டரை எடுத்தாங்க, அதை எவன் முன்னாடியே எழுதி வெச்சிருப்பான். அதே வருஷம் ஷெடூர் சான்டர்ஸை ஃபர்ஸ்ட் ரவுண்டுல போட்டவங்க எத்தனையோ பேரு, அவர் போனது அஞ்சாவது ரவுண்டுல, 144-வதா. அவரை ஃபர்ஸ்ட் ரவுண்டுல எடுத்தவனுக்கு அந்த ஒரு பிக்குல ஜீரோ, அதோட விட்டுடுங்க, மைனஸ் மார்க்னு ஆரம்பிச்சா மறுபடி பேச்சு வார்த்தை நிக்கும். ரெண்டு பேர் சமமா வந்தா ரெண்டாவது ரவுண்டுல யார் ஆளுங்க ஜாஸ்தி பொருந்தியிருக்கோ அவன் மேல, ஃபர்ஸ்ட் ரவுண்டை டிவி பாத்து யார் வேணா சொல்லிடலாம்.