கத்திக்கு எவ்வளவு வாங்கலாம்? சாணை பிடிக்க இறங்குகிறவருக்கு ஒரு கணக்கு

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். ஆர்டர் குறைந்து வேலை போய்விட்டது. டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் மெஷின் வைத்து, கத்தி, கத்தரிக்கோல் சாணை பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவுக்கு வருகிறவர் கத்திக்கு 30 ரூபாய் வாங்குகிறார். நான் எவ்வளவு வாங்குவது? இருபது ஹோட்டல் பிடித்துத் தருகிறேன், கத்திக்கு 20 ரூபாய், முதலில் 15,000 கட்டுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கமிஷன் வேண்டுமென்றால், ஹோட்டல்காரர் உங்களுக்குப் பணம் கொடுத்த அன்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும். "எந்தெந்த ஹோட்டல், பெயரைச் சொல்லுங்கள், நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் மூலமாக ஆறு மெஸ் பிடித்தேன். மூன்று மாதம் தீட்டிக் கொடுத்தேன். பணம் மாதாமாதம் அவர் கைக்குப் போயிருக்கிறது, எனக்கு வந்தது ஒரு மாதக் காசு.

சரி, விலைக்கு வருவோம். தெருக்காரர் 30 வாங்குகிறார் என்பதை மறந்துவிடுங்கள். அவர் ஒரு கத்தியை இரண்டு நிமிடம் கல்லில் இழுத்துவிட்டுப் போகிறவர். நீங்கள் ஒழுங்காகச் செய்தால், பேச்சு, துடைப்பு, காகிதத்தை வெட்டிக் காட்டுவது எல்லாம் சேர்த்து 12 நிமிடம் ஆகும். அலைச்சல் போக நாளில் நான்கு மணி நேரம்தான் கை கல்லில் இருக்கும். ஆக 20 கத்தி. உங்கள் கூலி 800, பெட்ரோல் 120, கல் தேய்மானம் 60. மெஷினும் சாமானும் 18,000 என்றால், மூன்று வருடத்துக்கு, வருடம் 300 நாள் கணக்கில் நாளுக்கு 20. மொத்தம் 1,000. இருபதால் வகுத்தால் கத்திக்கு 50 ரூபாய். இதற்குக் கீழே போனால் உங்கள் கூலியைத்தான் வெட்டுகிறீர்கள். அந்த 20 ரூபாய் ஹோட்டல் வேலையில் நாள் முழுக்க உழைத்தால் வருவது 400. அதிலும் பெட்ரோல் போகும்.

அரிவாள்மனைக்கு இதைவிடக் கூட வாங்குங்கள், வளைந்த வாயைத் தீட்ட நேரம் பிடிக்கும். ரம்பப் பல் வைத்த ரொட்டிக் கத்தி, பீங்கான் கத்தி இரண்டையும் வாங்கவே வாங்காதீர்கள்.

ஹோட்டல் வேண்டுமென்றால் நீங்களே மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். முதலாளியைத் தேட வேண்டாம், மாஸ்டரைப் பாருங்கள். அவர் கத்தி ஒன்றை இலவசமாகத் தீட்டிக் கொடுத்துவிட்டு மறுவாரம் போங்கள். அங்கே வாராவாரம் வேலை நிச்சயம் என்பதால் விலையைக் கொஞ்சம் குறைக்கலாம், கடன் மட்டும் வேண்டாம். பனியன் கம்பெனி கட்டிங் பிரிவை நம்பி இறங்காதீர்கள். துணி வெட்டும் மெஷின்களில் பிளேடைத் தீட்டும் பெல்ட் மெஷினிலேயே இருப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். தையல் கடைகளும் கறிக்கடைகளும்தான் உங்களுக்குச் சோறு போடும்.

வேலையில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். சாதாரண கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,800 சுற்று ஓடும். கத்தியை அதில் அழுத்தினால் சில நொடிகளில் வாய் நீலம் பாய்ந்துவிடும். நீலம் வந்தால் பதம், அதாவது இரும்பின் கடினம், போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்குக் கூர்மையாக வெட்டும், நாலு நாளில் மழுங்கும், கத்தி கொடுத்த அம்மா உங்களை மறுபடி கூப்பிட மாட்டார். கையுறை போடாமல் விரலைக் கத்தி மேல் வைத்துத் தீட்டுங்கள். விரல் சுட்டால் உடனே தண்ணீரில் முக்குங்கள். கடைசியில் கைக்கல்லில் பிசிறை எடுங்கள்.

கத்தரிக்கோல் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதில்தான் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கத்தரிக்கோலின் உட்பக்கத்தை ஒருபோதும் கிரைண்டரில் வைக்காதீர்கள். அது பார்க்கத் தட்டையாகத் தெரியும், உண்மையில் லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவால்தான் இரண்டு அலகும் ஒரே ஒரு புள்ளியில் உரசிக்கொண்டே நுனி வரை போகின்றன. அதைத் தேய்த்துவிட்டால் துணி வெட்டாது, மடங்கி உள்ளே போகும். வெளிச்சரிவை மட்டும், ஏற்கனவே இருக்கிற அதே சாய்வில் தீட்டுங்கள். பல நேரம் குறை வாயில் இருக்காது, திருகு தளர்ந்திருக்கும். முதலில் அதை இறுக்கிப் பாருங்கள். ஜிக்ஜாக் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். சலூன் கத்தரிக்கோலைத் தொடவே தொடாதீர்கள். அதன் வாய் சரிவாக இருக்காது, வெளிப்பக்கம் முழுக்க உருண்டு வரும். அதற்குத் தனி மெஷின், தனிப் பழக்கம் வேண்டும். பல ஆயிரம் ரூபாய்ப் பொருள். நான் ஒன்றைக் கெடுத்துவிட்டுப் புதிது வாங்கிக் கொடுத்தேன், அந்த மாதச் சம்பாத்தியமே போனது.

அப்புறம் காகித வேலை. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும். "கவர்ன்மென்ட் பீஸ்" என்று 2,000 கேட்கிறவர் இணையத்திலும் இருக்கிறார், தெருமுனையிலும் இருக்கிறார். ஜிஎஸ்டி வேண்டாம், வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டுகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கடன் வேண்டுமென்றால் முத்ரா என்கிற அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தில் சிசு பிரிவு, 50,000 வரை, அடமானம் கிடையாது. வங்கியில் நேராகக் கேளுங்கள். நாலு முறை அலையவிடுவார்கள், அலையுங்கள். கைத்தொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள். அதிலுள்ள 18 தொழில்களில் பூட்டு செய்கிறவர் இருக்கிறார், படைக்கலன் செய்கிறவர்கூட இருக்கிறார், ஊரெல்லாம் கத்தி தீட்டுகிறவர் இல்லை. பட்டியல் போட்டவர் வீட்டில் கத்தி மழுங்கவே மழுங்காது போலிருக்கிறது.

வண்டியில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் அரிவாள், கத்தி செய்கிற பட்டறைகளையும் கடைகளையும் வாங்குகிறவர் விவரத்தை எழுதி வைக்கும்படி தமிழகக் காவல்துறை சொன்னது. வீட்டுக் கத்திக்கு இது வேண்டாம். தெரியாத பையன்கள் நீள அரிவாளோடு வந்தால் பெயர், போன் நம்பர் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், கல் உடைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அந்த 15,000 கையில் இருக்கிறதல்லவா? 6 அங்குல கிரைண்டர், நல்ல வெள்ளைக் கல், கைக்கல் இரண்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். புதுக் கல்லை மாட்டும் முன் விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் விரிசல், கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். மீதிப் பணத்தில் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் பழங்கத்தி வாங்கி, ஐம்பதைப் பாழாக்கிவிட்டு அப்புறம் தெருவில் இறங்குங்கள்.