குடிமைப் பணித் தேர்வுக்குச் சுற்றுச்சூழல் பாடம்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

தமிழ் வழியில் படித்தவள். சுற்றுச்சூழலுக்கு எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? (குன்னூர்)

பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி உயிரியலின் கடைசிப் பாடங்கள். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சுற்றுச்சூழல் பிரச்சினைகள் பாடத்தை எடுத்துவிட்டார்கள், அதனால் பழைய பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். தமிழில் வேண்டுமென்றால் நம் மாநிலப் பாடநூலின் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் சூழலியல் அலகு இருக்கிறது. அது போதுமான அடித்தளம். அதை முடிக்காமல் பயிற்சி மைய நோட்ஸைத் தொடாதீர்கள்.

கொடைக்கானல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் வருவதால் அதைக் கட்டுரையில் உதாரணமாக எழுதலாமா? (கொடைக்கானல்)

வராது. வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. உங்கள் ஊருக்கு 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் உண்டு, சுமார் 600 சதுர கி.மீ. அதை எழுதுங்கள்.

முதுமலை சரணாலயமா, தேசியப் பூங்காவா, புலிகள் காப்பகமா? நோட்ஸுக்கு நோட்ஸ் மாறுகிறது. (கூடலூர்)

மூன்றும்தான். 1940-இல் சரணாலயம், பின்னர் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா, 2007-இல் புலிகள் காப்பகம். இன்று இவை மூன்றும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற அந்தஸ்துகள். இதே முதுமலை நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்திலும் அடங்கும். அது 1986-இல் நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது, சுமார் 5,500 சதுர கி.மீ., 2000-இல் யுனெஸ்கோ வலையமைப்பில் சேர்ந்தது. ஆனால் உயிர்க்கோளக் காப்பகம் அந்த 1972 சட்டத்தில் வரும் வகை அல்ல. யார் அறிவித்தது, எந்தச் சட்டம், எந்த ஆண்டு: எதைப் படித்தாலும் இந்த மூன்றையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வரையாடு எண்டேஞ்சர்டா, ஷெட்யூல் ஒன்றா? ரெண்டும் ஒண்ணுதானே? எல்லா விலங்குக்கும் பிடிஎஃப் அனுப்பவும். (ஊட்டி)

ஒன்றல்ல. பிடிஎஃப் அனுப்ப மாட்டேன். அழியும் அபாயத்தில் உள்ளது (எண்டேஞ்சர்டு) என்பது ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் மதிப்பீடு. முதல் அட்டவணை (ஷெட்யூல் ஒன்று) என்பது நம் நாட்டின் அதே 1972 சட்டத்தில் வருவது. ஒன்றில் இருப்பதால் இன்னொன்றிலும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வரையாடு இரண்டிலும் இருக்கிறது, அவ்வளவுதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகக் குறைந்துவிட்டன. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இன்னும் ஆறு இருக்கிறது. யார், எந்தச் சட்டம், எந்த ஆண்டு என்று கேட்டிருந்தால் அந்த நோட்ஸின் வயது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதன்மைத் தேர்வுக்கு எழுதிப் பார்த்த பதிலை இணைத்திருக்கிறேன். மலையில் வெறுமையாகக் கிடக்கும் புல்வெளிகளில் மரம் நட்டால், 1988 தேசிய வனக் கொள்கை மலைப் பகுதிகளுக்குச் சொல்லும் மூன்றில் இரண்டு பங்கு வன, மரப் பரப்பை எட்டலாம் என்று முடித்திருக்கிறேன். சரியா? (மன்னவனூர்)

சரியில்லை. மன்னவனூரில் இருந்துகொண்டு புல்வெளியை வெறுமை என்று எழுதியிருப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, தம்பி. வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து இந்த மலைகளில் நடந்த தவறே இதுதான். புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி, விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், செயற்கை இழைக்கான விஸ்கோஸ் கூழுக்கும் சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) என்ற அயல் மரங்களை நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை, பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பழனி மலையில் பெரும்பகுதிப் புல்வெளி அப்படித்தான் போனது.

சோலை என்கிற மலைக்காடு மலை மடிப்புகளிலும் ஓடைக்கரையிலும் நிற்கும், புல் சரிவுகளிலும் முகடுகளிலும் இருக்கும். இரவில் விழும் உறைபனி நம் சோலை மரக் கன்றுகளைத் திறந்த வெளியில் வளர விடாது. அதனால் சோலையும் புல்வெளியும் ஒரே சூழலமைப்பின் இரண்டு பாதிகள். வரையாடு மேய்வதும், நீலகிரி நெட்டைக்காலி கூடு கட்டுவதும் புல்லில்தான். புல்வெளி கார்பனை மண்ணுக்கு அடியில் சேர்த்து வைக்கிறது, தீ வந்தாலும் அதில் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். சீகை விதையோ பல வருஷம் மண்ணில் கிடந்து, தீ பட்டதும் கூட்டமாக முளைக்கும்.

அடுத்து, எண்களை எழுதும்போது கவனம். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மர நிழல் 10 சதவீதம் இருந்தால் அது காட்டுப் பரப்பு. என்ன மரம் என்று அந்தக் கணக்கு பார்க்காது. சீகைத் தோப்பும் சோலையும் அதில் ஒன்றாகிவிடும். நீங்கள் மேற்கோள் காட்டிய அதே 1988 கொள்கை, நீண்டகால ஆய்வில் நம் தாவரங்களுக்குத் தீங்கில்லை என்று உறுதியாகாமல் அயல் மரங்களைக் கொண்டுவரக் கூடாது என்கிறது. அந்தப் பத்தியை யாரும் படிப்பதே இல்லை. தமிழக அரசு 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது, அதையும் சேருங்கள். அதற்காக எல்லாச் சீகையையும் ஒரே மூச்சில் வெட்டலாம் என்றும் எழுதிவிடாதீர்கள். பழனி மலையில் சில பழைய தோப்புகளுக்கு அடியில் சோலைக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. இடம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. பதிலைத் திருத்தி எழுதி மறுபடி அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.

லாங்வுட் சோலையில் ஏரியே இல்லையே, அது எப்படி ராம்சர் தலம்? (கோத்தகிரி)

ராம்சர் என்பது ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை, அதன் ஈரநில வரையறை மிக அகலமானது. சதுப்பும் ஊற்றும் ஓடையும் அதில் அடங்கும். கோத்தகிரிக்குத் தண்ணீர் தருகிற சோலை அது, நூற்றுச் சொச்சம் ஹெக்டேர், 2024-இல் பட்டியலில் சேர்ந்தது. தமிழகத்தில் மொத்தம் எத்தனை தலங்கள் என்பதை இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம், எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் பாருங்கள்.

பாறு கழுகுகளுக்கும் மாட்டு மருந்துக்கும் என்ன தொடர்பு? (மசினகுடி)

டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு சீக்கிரமே செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழந்து சாகும். கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் பாதுகாப்பான மாற்று. பாறுகள் வாழும் மாயாற்றுப் பள்ளத்தாக்கு உங்கள் பக்கத்திலேயே இருப்பதால் இதை உதாரணமாக எழுத உங்களைவிடத் தகுதியானவர் இல்லை.

முதல்நிலைத் தேர்வில் தெரியாததை ஊகித்துக் குறிக்கலாமா? (பண்ணைக்காடு)

டிஎன்பிஎஸ்சி குரூப் 1 என்றால் எதையும் விடாமல் குறியுங்கள். யுபிஎஸ்சியில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும், அதாவது இரண்டு மதிப்பெண் கேள்விக்கு 0.66. நான்கில் இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ள முடிந்தால் குறியுங்கள், இல்லையென்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.