அம்மாவின் 200 பங்கை வைத்துக் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள், தங்கச்சி. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே உள்ள மலையைத் தோட்டக் கம்பனி கல்குவாரிக்குக் கொடுக்கப் போகிறது, அந்தக் கம்பனியில் அம்மாவுக்குத் தொழிலாளர் பங்காகக் கிடைத்த 200 மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

ஜெர்மனியில் ஒரே ஒரு பங்கு உள்ளவரும் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். ஆர்டபிள்யூஇ கம்பனி நிலக்கரிக்காக ஊர்களைத் தோண்டியபோது அங்குள்ள சிறு பங்குதாரர்கள் அப்படித்தான் நின்று கேட்டார்கள். வெளியே மக்கள் போராடினார்கள். அந்த ஊர்களில் ஒன்றான லுட்சராத் 2023 ஜனவரியில் போய்விட்டது, நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பக்கத்திலிருந்த ஐந்து ஊர்கள் தப்பின.

சரி, நம் விஷயம். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தல் வந்ததும், அம்மாவால் போக முடியாவிட்டால் பதிலாள் படிவத்தில் உங்கள் பெயரைப் போட்டு நேரத்தோடு அனுப்பிவிடுங்கள். கேள்விகளைச் செயலாளருக்கு முன்கூட்டியே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எங்கே? நிலம் அரசாங்கக் குத்தகை என்றால், அதில் கல்லுடைக்க அனுமதி இருக்கிறதா? பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டமும் முன்பே எச்சரிக்கப்பட்ட இடம்தான். 2014 அக்டோபர் 29 காலையில் அங்கே மண்சரிவில் லயங்களோடு மனிதர்களும் புதைந்தார்கள். அதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். அப்புறம், பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.