ஆணவம் என்பது திமிர்தானா? அச்சொல்லின் வேர் எது?

உயிரைப் பிணித்திருக்கும் அழுக்குகளாகச் சைவ சித்தாந்தம் கூறும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் ஒன்றான ஆணவ மலம் என்பது திமிர்தானா, அது 'ஆண்' என்பதிலிருந்து பிறந்த சொல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஏதோவொரு சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பேச வந்தவர், ஆண்களுக்கே உரிய குணம் என்பதால் அது ஆணவம் ஆயிற்று என்றார், பந்தலே கைதட்டியது. மேடையிலிருந்து இறங்கியவரிடம், "ஐயா, அப்படியானால் பெண்களுக்கு மும்மலத்தில் இரண்டுதானா?" என்று கேட்டேன். அவர் சிரித்தபடியே பொன்னாடையை மடித்துப் பையில் வைத்தாரே தவிர, விடை சொல்லவில்லை. அருகில் நின்ற விழாக் குழுவினர் ஒருவர், கேள்வி கேட்ட எனக்குத்தான் ஆணவம் என்று பேச்சை முடித்துவிட்டார்.

வேர்ச்சொல் வடமொழி 'அணு'. ரகுவின் வழிவந்தவன் ராகவன், யதுவின் வழியினர் யாதவர் என்று ஆவதைப் போலவே, முதலெழுத்து நீண்டு, ஈற்று உகரம் 'அவ' எனத் திரிந்து, அணுவைச் சார்ந்தது ஆணவம் ஆகிறது. இதைச் சொல்வதால் தமிழைத் தாழ்த்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 14-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவாசாரியார் இதனை 'இருள்' என்று நல்ல தமிழில் அழைத்து, திருவருட்பயன் என்னும் தம் நூலில் 'இருள்மலநிலை' என 10 குறட்பாக்களே பாடியிருக்கிறார்.

இயல்பில் எங்கும் விரிந்து நிற்கும் உயிரின் அறிவை அணுவளவாகச் சுருக்கிவிடுவதாலேயே இம்மலத்துக்கு அப்பெயர். புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டும். இதுவோ தன்னையும் காட்டாது என்கிறார் உமாபதியார். திமிர் அப்படியா? தெருவில் போகிறவருக்கும் தெரியும். மேலும், உடலோ, மனம், புலன் முதலிய கருவிகளோ இல்லாத கேவலம் என்னும் நிலையில் உயிர் ஆணவத்தோடு மட்டுமே கிடக்கிறது என்பது சித்தாந்தம். 'நான்' என்று எண்ணவும் இயலாத அந்நிலையில் செருக்கு எங்கிருந்து வரும்?

பேச்சு வழக்கில் அகந்தை என்ற பொருள் நிலைத்துவிட்டது. அதை நான் பிழை என்று சொல்லவில்லை. மேடையில் மலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, "ஆணவத்தை விட்டுவிடுங்கள்" என்று அறிவுரை கூறுவதுதான் பொருந்தவில்லை. உயிர் தன் முயற்சியால் அதை உதற முடியாது, திருவருளால் முத்தியிலும் அதன் ஆற்றல் அடங்குமே தவிர அது அழிவதில்லை என்பதே சித்தாந்தத்தின் முடிபு.