தை மாதத்து மழை காவிரி டெல்டா நெற்பயிரை ஏன் இவ்வளவு பாதிக்கிறது?

"மழை பெய்யவில்லை என்றாலும் கஷ்டம் என்கிறார்கள், பெய்தாலும் கஷ்டம் என்கிறார்கள், ஜனவரியில் நாலு நாள் பெய்தால் அப்படி என்னதான் கெட்டுவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருவாரூர் மாவட்டத்துக் கடைமடைக்காரன் (பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி), வீட்டில் தையில் அறுவடைக்கு வரும் சம்பா நெல் சாகுபடி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான்.

எங்களுக்கு மழை வேண்டியது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது பயிர் இளசு, ரெண்டு நாள் தண்ணீரில் கிடந்தாலும் வடிந்ததும் தேறிவிடும். தை பிறக்கும்போது கதிர் முற்றித் தலை கனத்து நிற்கும். அந்த நேரத்தில் ஒரு ராத்திரி காற்றோடு மழை அடித்தால் போதும், வயல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். சாய்ந்த கதிரைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கிப் பார்த்தால் சில நாளிலேயே நெல்மணியின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும், அந்த நெல்லை அரைத்தால் நொய்தான் மிஞ்சும். கொஞ்சம் பிந்தி நட்ட வயல் பூப்பருவத்தில் இருந்தால் அது இன்னொரு வகை நஷ்டம். நெல் பூ முற்பகலில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும், அப்போது மழை விழுந்தால் மகரந்தம் கழுவிப்போய்ப் பாதிக் கதிர் பதராகிவிடும்.

செய்தியில் அதிகம் வராதது உளுந்து. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் தை, மாசிப் பனியிலுமே அது விளைந்துவிடும், தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தெளித்த கையோடு மழை வந்து தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும். ஆக, ஒரே மழையில் ரெண்டு வெள்ளாமை போகிறது. அப்புறம் வைக்கோல். சேற்றில் ஊறிக் கறுத்த வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

செலவும் ஏறும். ஈர வயலில் டயர் வைத்த அறுவடை மிஷின் இறங்காது, பெல்ட் மிஷின்தான், அதற்கு வாடகை அதிகம், சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் கூடுதல். அறுத்துக் கொண்டுபோனால் அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். வெயிலே இல்லாத வாரத்தில் எதை வைத்துக் காயவைப்பது? ஒவ்வொரு தடவையும் மாநில அரசு இந்த வரம்பில் தளர்வு கேட்டு மத்திய அரசுக்கு எழுதி, மத்தியக் குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் சாலையோரக் குவியலில் நெல் சூடேறி நிறம் மாறிவிடும்.

இதெல்லாம் என்றைக்கோ ஒருநாள் நடப்பதும் இல்லை. 2021 ஜனவரியில், வழக்கமாக 12 மி.மீ. அளவில் பெய்யும் மாதத்தில், தமிழகத்தில் 130 மி.மீட்டருக்கு மேல் கொட்டியது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் இலங்கையைக் கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தது. அப்போது அரசு நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ. 20,000 நிவாரணம் அறிவித்தது, ஏக்கர் கணக்கில் பார்த்தால் 8,000 சொச்சம், போட்ட முதலில் பாதிகூடத் தேறாது. ஒவ்வொரு மழையையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்ட மாட்டேன், தை மழை முன்பும் பெய்ததுதான், "தை மழை நெய் மழை" என்று பழமொழியே உண்டு. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். கடலும் சேர்ந்து சூடாகும்போது, பெய்தால் மொத்தமாகக் கொட்டுவதற்கு வாய்ப்பு கூடுகிறது.

என்னைக் கேட்டால் நிவாரணத்தைவிட முக்கியம் ரெண்டு. ஒன்று வடிகால்: தட்டையான பூமி, கடல் பக்கம், ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்காலில் தண்ணீர் எங்கே போகும்? சாகுபடிக்கு முன் பாசன வாய்க்கால் தூர்வாரும் அக்கறை வடிகாலுக்கும் வர வேண்டும். இன்னொன்று, கொள்முதல் நிலையங்களில் நெல் உலர்த்தும் எந்திரம். ஊருக்கு ஒன்று முடியாவிட்டாலும் நாலைந்து ஊருக்குச் சேர்த்தாவது வேண்டும், அது இருந்தால் ஈரப்பதத் தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

பயிர்க் காப்பீடு செய்த உறவுகள் யாராவது இதைப் படித்தால்: அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் இப்படிப் பருவம் தப்பிய மழையில் கெட்டாலும் இழப்பீடு கேட்க இடமுண்டு, 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிட வேண்டும், தண்ணீர் நிற்கும்போதே போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.