எல்லை தாண்டினால் மனம் மாறுமா? – கேள்வி பதில்

பன்னாட்டுப் பயணம், நாடுகளின் அரசியல் இணைப்பு பற்றி மக்கள் நினைப்பது: இன்றைய பொருள் இவ்வளவுதான். விசா, விமான டிக்கெட் சந்தேகங்களுக்கு நான் சரியான ஆள் இல்லை.

கதிரவன்: நிறைய வெளிநாடு போனவர்கள் நாடுகள் இணைவதை ஆதரிப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

ஐரோப்பியக் கருத்துக்கணிப்புகள் அப்படித்தான் காட்டுகின்றன. எல்லைக்கு அப்பால் வேலை, படிப்பு, நட்பு உள்ளவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தைக் கூடுதலாக ஆதரிக்கிறார்கள். 1950களிலேயே அரசியல் அறிஞர் கார்ல் டாய்ச் இதற்கு அடித்தளம் போட்டார். கடிதம், வணிகம், பயணம் எல்லாம் பெருகினால் இரு நாட்டு மக்களிடையே ஒட்டுறவு வளரும், அவர்களுக்குள் போர் என்ற எண்ணமே எழாது என்பது அவர் வாதம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இன்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பயணம் மனதை மாற்றியதா, அந்த மனம் உள்ளவர்தான் பயணம் போனாரா? அதிகம் பயணிப்பவர்கள் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், இளைஞர்கள். வீட்டிலேயே இருந்தாலும் இணைப்பை ஆதரிக்கக்கூடியவர்களும் இவர்கள்தான்.

ரேவதி: அப்படியென்றால் ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றம் வீண் செலவா?

வீண் என்று சொல்ல மாட்டேன். 1987-இல் தொடங்கியது, கல்விக்கு நல்லது செய்திருக்கிறது. ஆனால் மாணவர்களை ஐரோப்பிய ஆதரவாளர்களாக மாற்றுகிறது என்ற பெருமை கொஞ்சம் அதிகப்படி. அரசியல் ஆய்வாளர் டெரெசா குன் போன்றவர்கள் ஆராய்ந்து பார்த்ததில், போகும் பல்கலைக்கழக மாணவர்கள் முன்பிருந்தே ஆதரவாளர்கள். மாற்ற அங்கே அதிகம் மிச்சமில்லை. குறைவாகப் படித்தவர்களை, தொழிற்பயிற்சியில் இருப்பவர்களை அனுப்பினால் பலன் கூடலாம் என்பது அவர் கருத்து. நான் சொன்ன எச்சரிக்கைக்கு இதுவே சாட்சி.

ஜோசப்: பிரான்ஸ், இத்தாலி இரண்டும் போகிறேன். ஷெங்கன் விசாவுக்கு எந்தத் தூதரகம்?

அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகம். மேலே முதல் பத்தியைப் படித்தீர்களா?

அன்வர்: ஷெங்கனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றுதானே?

இல்லை. ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத நாடுகளின் பகுதி. அதில் இப்போது 29 நாடுகள். நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஒன்றியத்தில் இல்லாமலே அதில் இருக்கின்றன. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் இருந்தும் அதில் இல்லை.

நளினி: ஒரு வாரச் சுற்றுலா போய் வந்தாலே பார்வை மாறுமா சார்?

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பிற குழுவினரோடு பழகினால் வெறுப்பு குறையும் என்று 1954-இல் எழுதிய உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், அதற்கு நிபந்தனைகளும் வைத்தார். இருவரும் சம நிலையில் பழக வேண்டும், பொது நோக்கம் வேண்டும், சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே உள்ளவர்களின் ஆதரவும் வேண்டும். சுற்றுலாக்காரர் யாரிடம் பேசுகிறார்? ஓட்டல் பணியாளரிடம், டாக்சி ஓட்டுநரிடம். ஒருவர் காசு கொடுக்கிறார், மற்றவர் சேவை செய்கிறார். இதில் சமநிலை எங்கே?

இளங்கோ: ஒப்புக்கொள்ள முடியாது சார். ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டன் பகுதி ஜிப்ரால்டர், தினம் எல்லை தாண்டுகிற ஊர். பிரிட்டன் ஒன்றியத்தில் நீடிப்பதா விலகுவதா என்ற 2016 வாக்கெடுப்பில் அது நீடிக்க 95.9% வாக்களித்தது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

நல்ல உதாரணம். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1969-இல் ஸ்பெயின் பக்கக் கதவைப் பூட்டியது. பிரிந்த குடும்பங்கள் வேலியின் இரு பக்கமும் நின்று கத்திப் பேசிக்கொண்டன, பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டின. நடந்து போகிறவர்களுக்கு 1982-இல்தான் திறந்தது, முழுமையாக 1985-இல். அந்த 95.9 சதவீதத்தில் பயணத்தின் சுகத்தைவிடப் பூட்டிய கதவின் பயம் அதிகம் என்பது என் கணிப்பு.

இளங்கோ: பயமோ சுகமோ, எல்லையில் வாழ்பவர்கள் இணைப்பைத்தானே கேட்கிறார்கள்?

அப்படியா? டிச்சினோவுக்குப் போவோம். இத்தாலியை ஒட்டிய சுவிஸ் மாகாணம், காலையில் இத்தாலிய நம்பர் பலகை வைத்த கார்கள் வரிசையாக நுழையும் இடம். குடியேற்றத்துக்கு வரம்பு கேட்டு 2014 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தது. சுவிட்சர்லாந்து முழுக்க 50.3% ஆதரவு, டிச்சினோவில் 68%, எல்லா மாகாணங்களையும்விட அதிகம். அங்கும் எல்லை தினம் தாண்டப்படுகிறது, ஆனால் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்து உள்ளே வருபவர்களால். இங்கிலாந்தின் பாஸ்டன் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் பண்ணை வேலைக்கு வந்து குவிந்த பகுதி அது, 2016-இல் ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று 75.6% வாக்களித்தது.

இளங்கோ: அவர்கள் பயணம் போகவில்லையே சார். போகாதவர்களை வைத்து வாதாடுவது சரியா?

நான் சொல்ல வந்ததையே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஒருவர் பயணம் போனால் இன்னொருவர் ஊருக்கு யாரோ வந்து சேர்கிறார். எல்லாரும் போனவரிடமே மனம் மாறியதா என்று கேட்கிறோம், வந்து சேர்ந்த ஊரிடம் கேட்பதில்லை. உலகத் தொடர்பு மிகுந்த நாடுகளில், தானே எல்லை தாண்டாதவர்கள் ஒன்றியத்தை இன்னும் அதிகமாகச் சந்தேகிக்கிறார்கள் என்பதும் குன்னின் கண்டுபிடிப்பு. வாக்கெடுப்பில் அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. மறுபக்கம், 15 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரிட்டன் குடிமக்களுக்கு 2016-இல் ஓட்டே இல்லை.

இளங்கோ, மேலும் வாதாடலாம், ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பாத்திமா: எல்லையைத் திறந்தால் அரசியல் இணைப்பு தானாக வருமா?

நார்டிக் நாடுகளைப் பாருங்கள். தங்களுக்குள் பாஸ்போர்ட் இல்லாத பயணத்தை 1950களிலேயே கொண்டுவந்துவிட்டன, பொது வேலைச் சந்தையையும் 1954-இல். ஆனாலும் ஒரே நாடாகவில்லை. ஐரோப்பாவோடு சேர நார்வே 1972, 1994 இரு முறையும் மறுத்தது. இணையாமலே போய்வர முடிகிறது என்றால் இணைய ஏன் அவசரப்பட வேண்டும்? தடையற்ற பயணம் இணைப்புக்குப் படிக்கட்டாக இல்லாமல் அதற்கு மாற்றாகவே அமைந்துவிடலாம்.

சுரேஷ்: ஷெங்கன் விசாவில் எத்தனை நாள் தங்கலாம்?

எந்த 180 நாளிலும் 90. இனி விசாக் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

தமிழ்ச்செல்வன்: மேற்கு ஆப்பிரிக்கா?

என் துறை ஐரோப்பா, அதனால் சுருக்கமாக. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் 1979-இலேயே தடையற்ற நடமாட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் வெளியேறின. வெளியேறியது அவற்றின் ராணுவ ஆட்சிகளின் முடிவு, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. அதை மக்கள் கருத்துக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள்.

கார்த்திகா: இதையே முதுகலை ஆய்வாக எடுக்க ஆசை. கேள்வித்தாளில் என்ன இருக்க வேண்டும்?

"எத்தனை நாடு போனீர்கள்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். எதற்குப் போனார், யார் செலவில் போனார், அங்கே யாரிடம் பேசினார் என்று கேளுங்கள். "இணைப்பை ஆதரிக்கிறீர்களா?" என்று ஒரே வரியிலும் கேட்காதீர்கள். திறந்த எல்லைக்குச் சரி என்பவர் பொது ராணுவத்துக்கும் பொது வரிக்கும் தலையசைக்க வேண்டும் என்றில்லை, தனித்தனியாகக் கேளுங்கள். போவதற்கு முன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை. போகாத ஒரு குழுவிடமும் அதே இடைவெளியில் கேளுங்கள், அது இல்லாவிட்டால் நான் காலையிலிருந்து சொல்லும் எச்சரிக்கையை உங்கள் வழிகாட்டியே கேட்பார்.